1956: மக்கள் எழுச்சியும் மொழிச் சட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

1

இலங்கையின் நவீன வரலாற்றில் ஆண்டின் பெயரே ஒரு கருத்தின் பெயராகவும் வழங்கிவரும் பேறு சில ஆண்டுகளுக்கே வாய்த்துள்ளது. அவற்றுள் 1956 தலையாயது. சிங்கள அறிஞர் மத்தியில் ‘ஐம்பத்தாறு’ என்றதும் சாமானிய மக்களின் யுகம், பண்பாட்டு மறுமலர்ச்சி, அந்நிய மோகத்தின் வீழ்ச்சி ஆகியன நினைவுக்கு வருகின்றன. தமிழர் மத்தியில் அதே சொல் தனிச் சிங்களச் சட்டத்தையும், காலிமுகத்திடலில் தாக்கப்பட்ட சத்தியாக்கிரகிகளையும், கல்லோயாவிற் சிந்திய இரத்தத்தையும் நினைவூட்டுகின்றது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டைப் பற்றி, ஒன்றையொன்று அறியாத இரு வரலாறுகள் வழங்கிவருகின்றன.

முற்போக்காளர் மத்தியில் மூன்றாவது நோக்கு ஒன்றும் உண்டு. 1956 இன் ஆட்சிமாற்றம் ஏகாதிபத்திய எதிர்ப்பு, பொருளாதாரச் சீர்திருத்தம் என்பனவற்றில் முற்போக்கானது. மொழிக் கொள்கையிற் பிற்போக்கானது என்று அந்நோக்கு கூறும். வணிகர் தமது பேரேட்டில் வரவையும் செலவையும் இரு பத்திகளில் எழுதுவதுபோல், நன்மைகளை ஒரு புறமும் தீமைகளை மறுபுறமும் நிரற்படுத்தி, மீதியைக் கணக்கிடும் முறை இது. பார்வைக்கு நடுநிலையானதாகத் தோன்றினும், வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கில் இம்முறை போதியதன்று. ஒரே சமூக சக்திகளே இரு விளைவுகளையும் ஒருங்கே தோற்றுவித்தன என்பதும், ஒன்று மற்றொன்றை எவ்வாறு விழுங்கியது என்பதும் இம்முறையில் மறைந்துவிடுகின்றன.

ஆகவே, ஆங்கிலமறிந்த சிறுகூட்டத்தினரின் ஆதிக்கத்துக்கெதிரான நியாயமான ஜனநாயகக் கோரிக்கையொன்று எவ்வாறு இன்னொரு மக்கட் கூட்டத்தினரின் மொழியை நிராகரிக்கும் சட்டமாக உருமாறியது என்பதே நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படும் வினாவாகும்.

2

பிரித்தானிய ஆட்சியில் உருவாகிய இலங்கைப் பொருளாதாரம் தேயிலை, றப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் ஆதாரமாகக் கொண்டது. 1950களில் ஏற்றுமதி வருமானத்திற் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைத்தது. தேயிலைத் தோட்டங்களிற் பெரும்பாலானவை அந்நியக் கம்பனிகளின் உடைமையாகவோ அவற்றின் கட்டுப்பாட்டிலோ இருந்தன. பெருமளவு கைத்தொழில்கள் வளரவில்லை. இத்தகைய பொருளாதாரத்திற் கல்வி கற்ற இளைஞனுக்குத் திறந்திருந்த வாயில் அரசாங்க உத்தியோகம் ஒன்றே. இலிகிதர் பதவி முதல் சிவில் சேவை வரை அவ்வாயிலின் திறவுகோலாக ஆங்கிலம் விளங்கியது. நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவரே அம்மொழியை அறிந்திருந்தனர். நீதிமன்றத் தீர்ப்பு, காணி உறுதி தொடர்பான கடிதம், வைத்தியசாலைப் பதிவேடு, தந்தி ஆகிய யாவும் மக்களுக்கு விளங்காத மொழியிலேயே அமைந்தன.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நிலையிற் புதியதொரு முரண்பாட்டைத் தோற்றுவித்தது. கிராமப்புறங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சிங்களத்திலும் தமிழிலும் கல்வி கற்று வெளியேறினர். ஆனால் அரசயந்திரம் ஆங்கிலத்திலேயே இயங்கியது. சுயபாஷைப் பாடசாலை ஆசிரியர் ஆங்கிலப் பாடசாலை ஆசிரியரிலும் குறைந்த வேதனம் பெற்றார். சுதேச வைத்தியர் மேலைத்தேய வைத்தியருக்கிருந்த மதிப்பைப் பெறவில்லை. சுயபாஷைக் கோரிக்கை என்பது அடிப்படையில் இத்தகையோரின் கோரிக்கையாகவே எழுந்தது. அது சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவானதாய் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்துத் தமிழாசிரியரும் மாத்தறைச் சிங்கள ஆசிரியரும் ஒரே கதவின் வெளியே நின்றவர்களே.

அரசாங்க சபையில் 1943 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தார். 1944 மே மாதத்தில் அது தமிழையும் உள்ளடக்கும் வகையில் திருத்தப்பட்டு நிறைவேறியது. அதாவது, ஆங்கிலத்தின் இடத்தில் இரு தேசிய மொழிகளையும் அமர்த்துவது என்ற நிலைப்பாடு, சுதந்திரத்துக்கு முன்னரே சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. 1951 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோதும் இரு மொழிகளும் அரசகரும மொழிகளாதல் வேண்டுமென்பதே அக்கட்சியின் கொள்கையாக இருந்தது. ஆகவே, 1956 இல் நடந்தது தவிர்க்கவியலாத நியதி என்று கொள்வதற்கு இடமில்லை. பாதை எங்கே, யாரால் திரும்பியது என்று ஆராய்தல் வேண்டும்.

3

முதலாவது திருப்பம் மொழியைச் சார்ந்ததன்று, வாக்குரிமையைச் சார்ந்தது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் நிறைவேறிய 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த சட்டங்களும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தின் இந்நடவடிக்கை இனவெறுப்பினால் மட்டும் எழுந்ததன்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்ததுடன், வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் வாக்களித்திருந்தனர். நாட்டின் செல்வத்தை உற்பத்தி செய்த பாட்டாளி வர்க்கத்தின் மிகப் பெரிய அணி அரசியலரங்கிலிருந்து ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டது.

இதன் விளைவொன்று போதியளவு கவனிக்கப்படுவதில்லை. தேர்தற் தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்குரிமையற்ற தொழிலாளரும் சனத்தொகையிற் சேர்த்து எண்ணப்பட்டனர். வாக்களித்தோரோ பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவராவர். இதனாற் கண்டிப் பிரதேசக் கிராமிய வாக்குகளின் நிறை பன்மடங்காயிற்று. பெரும்பான்மையினரின் வாக்கை மட்டும் நாடி ஆட்சியைக் கைப்பற்றுவது கணித அடிப்படையில் இலகுவாகியது. 1956 இன் அத்திவாரம் 1948 இல் இடப்பட்டது என்று நாம் கூறுவது இக்காரணம் பற்றியே.

எனினும், வர்க்க அடிப்படையிலான பாதை முற்றாக அடைபட்டுவிடவில்லை. கொரிய யுத்தகால விலையுயர்வு மறைந்ததும் அரசாங்கம் அரிசி மானியத்தில் கைவைத்தது. 1953 இல் பங்கீட்டரிசி கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சியின் முன்முயற்சியில், கொம்யூனிஸ்ட் கட்சியும் ஏனைய இடதுசாரிகளும் தமிழரசுக் கட்சியும் ஆதரவளிக்க, ஹர்த்தால் நிகழ்ந்தது. தென்மேற்குக் கரையோரத்திற் புகையிரதங்கள் நின்றன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டிற் பலர் உயிரிழந்தனர். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் அமைச்சரவை கூடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

ஹர்த்தாலின் கோரிக்கை சோறு. அக்கோரிக்கைக்கு மொழியோ மதமோ இல்லை. எனினும், ஒரு நாட் போராட்டத்துடன் அது நிறுத்தப்பட்டது. கிளர்ந்தெழுந்த கிராமிய மக்களை நிலைத்த அமைப்பாகத் திரட்டும் ஆற்றல் இடதுசாரிகளிடம் இருக்கவில்லை. அவர்களது பலம் நகரத் தொழிற்சங்கங்களிலும் தென்மேற்குக் கரையோரத்திலும் தங்கியிருந்தது. மலைநாட்டில் அவர்களுக்கு வாக்களித்தோர் ஏலவே வாக்கிழந்திருந்தனர். ஹர்த்தாலிற் பங்குபற்றாது ஒதுங்கியிருந்த பண்டாரநாயக்கவே அதன் அரசியற் பயனை அறுவடை செய்தார்.

4

கிராமிய மக்களின் அதிருப்திக்கு வடிவங்கொடுத்தோர் யாவர்? பிக்குமார், சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயிகள், தொழிலாளர் ஆகிய ‘பஞ்ச மகா சக்திகள்’ என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அணியினரே அவர்கள். இப்பட்டியலிலுள்ள முதல் மூவரும் கிராமத்தின் கருத்துருவாக்கிகள்; பின்னைய இருவரும் உற்பத்தியாளர். ஐவரையும் சமமாக நிறுத்தும் இச்சொற்றொடர் உண்மையில் ஓர் ஏற்றத்தாழ்வை மறைத்தது. மேடையிலே பேசியோரும் கோஷங்களை வகுத்தோரும் முதல் மூவகையினரே. அவர்கள் சிறு முதலாளித்துவ வர்க்கத்தினர். உற்பத்தி உறவுகளை மாற்றுவதிலும் பார்க்க, அரசயந்திரத்தினுள் இடம் பெறுவதே அவர்களது உடனடித் தேவையாக இருந்தது. குத்தகை விவசாயிக்கு நிலம் தேவைப்பட்டது. தொழிலாளிக்குக் கூலி தேவைப்பட்டது. ஆசிரியருக்கும் அவர்தம் மாணவருக்கும் உத்தியோகம் தேவைப்பட்டது. தலைமை மூன்றாமவர் கையில் இருந்தமையால், நிலமும் கூலியும் பின்தள்ளப்பட்டு, உத்தியோகத்தின் மறுபெயராகிய மொழி முன்னணிக்கு வந்தது.

வளராத பொருளாதாரத்தில் உத்தியோகங்களின் எண்ணிக்கையும் வளராது. அந்நிலையில் ஆங்கிலத்தின் இடத்தில் இரு மொழிகள் வருமாயின் போட்டி தொடரும். ஒரு மொழி மட்டும் வருமாயிற் போட்டியாளருட் பெரும்பகுதியினர் வெளியேற்றப்படுவர். சுயபாஷை என்ற கோஷம் தனிச் சிங்களம் என்ற கோஷமாகச் சுருங்கியதன் பொருளியல் அடிப்படை இதுவேயாகும்.

1954 இன் பிற்பகுதியில் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணத்தில் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வழங்கப்படும் என்று கூறியமை தெற்கிலே கிளர்ச்சியைத் தூண்டியது. 1955 டிசெம்பரில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி தனிச் சிங்களத்தை ஏற்றது. 1956 பெப்ரவரியிற் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடும் தனது முன்னைய நிலைப்பாட்டைக் கைவிட்டு அதனையே ஏற்றது. ஈராண்டுகளுள் இரு பெருங் கட்சிகளும் ஒரே கோஷத்துக்கு வந்து சேர்ந்தமை, அக்கோஷம் எந்த வர்க்கத்துக்கும் ஆபத்தற்றது என்பதைக் காட்டுகின்றது. தோட்டக் கம்பனிகளின் உடைமையைத் தொடாத கோரிக்கையை யாரும் ஏற்கலாம்.

சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் அப்பொழுது இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரின. அதன்பொருட்டுச் சமசமாஜக் கூட்டங்கள் தாக்கப்பட்டன. எனினும், ஐக்கிய தேசியக் கட்சியைத் தோற்கடிப்பதே தலையாய கடமை எனக் கருதி, அவ்விரு கட்சிகளும் மக்கள் ஐக்கிய முன்னணியுடன் போட்டி தவிர்ப்பு உடன்படிக்கை செய்தன. பிலிப் குணவர்தனவின் பிரிவோ முன்னணியினுள்ளேயே சென்று சேர்ந்தது.

ஏப்ரல் 5, 7, 10 ஆம் திகதிகளில் தேர்தல் நடைபெற்றது. தெரிவுசெய்யப்பட்ட 95 ஆசனங்களில் முன்னணி 51 ஐப் பெற்றது. சமசமாஜக் கட்சி 14, தமிழரசுக் கட்சி 10, கொம்யூனிஸ்ட் கட்சி 3 ஆகிய ஆசனங்களைப் பெற, ஐக்கிய தேசியக் கட்சி எட்டாகக் குறைந்தது. எனினும் அக்கட்சிக்கு ஏறத்தாழ 28 சதவீத வாக்குகள் கிடைத்திருந்தன. முன்னணிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 40 சதவீதமே. ஆசன எண்ணிக்கையைக் கொண்டு முழுச் சிங்கள மக்களின் ஒருமித்த சித்தம் எனக் கூறுவோர் இவ்விபரத்தை மறந்துவிடுகின்றனர்.

5

இருபத்துநான்கு மணித்தியாலத்திற் சிங்களம் என்ற வாக்குறுதியுடன் ஆட்சிக்கு வந்த அரசாங்கம், முதலில் வரைந்த மசோதாவில் ஏனைய மொழிகளின் உபயோகத்துக்குச் சில சலுகைகளை இடம்பெறச் செய்திருந்தது. பாராளுமன்ற வளவிலே பல்கலைக்கழக விரிவுரையாளரொருவர் உண்ணாவிரதம் இருந்தார், பிக்கு அமைப்புக்கள் நெருக்கின, சலுகைகள் நீக்கப்பட்டன. எஞ்சியது சில பிரிவுகளே கொண்ட மிகச் சிறிய சட்டம். இலங்கையின் ஒரே அரசகரும மொழி சிங்களம் என்று அது பிரகடனஞ் செய்தது. உடனடியாக நடைமுறைப்படுத்த இயலாதவிடத்து முன்னர் வழங்கிய மொழியை 1960 டிசெம்பர் 31 வரை உபயோகிக்கலாம் என்ற விதிவிலக்கையும் கொண்டிருந்தது. தமிழ் என்ற சொல் அச்சட்டத்தில் இல்லை. ஒரு மக்கட் கூட்டத்தினரை மறுப்பதற்கு அவர்களது பெயரைக் குறிப்பிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஜூன் 5 ஆம் திகதி மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் காடையராற் தாக்கப்பட்டனர். வன்செயல் கொழும்பிற் பரவியது. கல்லோயாப் பள்ளத்தாக்கிற் குடியேற்றத் திட்டப் பகுதிகளிலே பல தமிழர் கொல்லப்பட்டனர். சுதந்திர இலங்கையில் தமிழருக்கெதிராக நிகழ்ந்த முதலாவது பெரும் வன்செயல் இது. மசோதா 29 வாக்குகளுக்கெதிராக 56 வாக்குகளால் நிறைவேறி, அவ்வாண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. எதிர்த்து வாக்களித்தோருள் தமிழ்ப் பிரதிநிதிகளுடன் சமசமாஜ, கொம்யூனிஸ்ட் உறுப்பினரும் இருந்தனர். ஒரு மொழி என்ற கொள்கை ஈற்றில் இரு நாடுகளைத் தோற்றுவிக்கும் என்று சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா விவாதத்தில் எச்சரித்தமை பலரும் அறிந்ததே. அதே கொல்வின் 1972 இல், அரசியலமைப்பு விவகார அமைச்சராக, சிங்களத்துக்கு அரசியலமைப்பு அந்தஸ்து வழங்கிய யாப்பின் சிற்பியாக விளங்கினார். தனிமனித நேர்மையின்மை என்று இதனைக் கூறி அமைதல் போதாது. 1956 இல் அமைந்த அரசியற் களத்தில், ஆட்சியை நாடிய எந்தக் கட்சியும் அக்களத்தின் விதிகளுக்குட் சென்றே தீரவேண்டியிருந்தது.

6

தமிழர் தரப்பிலும் வர்க்க நிலைமைகளை நோக்குதல் அவசியம். வளங்குன்றிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிஷனரிப் பாடசாலைகள் வழங்கிய ஆங்கிலக் கல்வி, உத்தியோகத்தை முதன்மையாகக் கொண்ட ‘மணியோடர்ப் பொருளாதாரத்தை’ உருவாக்கியிருந்தது. அதன் பயனை அனுபவித்தோர் பெரும்பாலும் உயர்சாதி மத்தியதர வர்க்கத்தினரே. தமிழ் மட்டும் கற்ற ஆசிரியரும், கமக்காரரும், கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் விலக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களும் ஆங்கிலக் கோட்டைக்கு வெளியே நின்றனர். மலைநாட்டுத் தொழிலாளர் வாக்கிழந்த காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைமை அரசாங்கத்துடன் இணைந்து நின்றது. அதனை எதிர்த்துப் பிரிந்தோரே 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

1952 இல் இரு ஆசனங்களை மட்டுமே பெற்ற அக்கட்சி 1956 இற் பத்து ஆசனங்களைப் பெற்றதற்கு, தெற்கிலே தனிச் சிங்களக் கோஷம் எழுந்தமையே பிரதான காரணம். எனினும், அத்தேர்தலிற்கூட வடக்கு முற்றாக ஒரு குரலிற் பேசவில்லை. பருத்தித்துறைத் தொகுதியிற் கொம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையா தெரிவானார். சாதியொடுக்குமுறைக்கெதிரான உணர்வும் இடதுசாரிச் சிந்தனையும் வடமராட்சியிற் பெற்றிருந்த வேரினை இவ்வெற்றி காட்டுகின்றது. பாராளுமன்றத்தில் தனிச் சிங்கள மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை, மொழியுரிமையை ஜனநாயகப் பிரச்சினையாகவும் உழைக்கும் மக்களின் பிரச்சினையாகவும் விளக்கியது. 1960 மார்ச்சுத் தேர்தலில் அத்தொகுதி தமிழரசுக் கட்சியின் வசமாயிற்று.

இம்மாற்றத்தினுள்ளேயே 1956 தமிழ்ச் சமூகத்துக்கு இழைத்த இரண்டாவது கேடு தெரிகின்றது. தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலம் கற்ற அப்புக்காத்துவையும், தமிழாசிரியரையும், கூலித் தொழிலாளியையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. புறத்தேயிருந்து வந்த ஒடுக்குமுறை அகத்தேயிருந்த முரண்பாடுகளை உறையச் செய்தது. உரிமைப் போராட்டத்தின் தலைமை, சமூக மாற்றத்தை நாடாத சட்டத்தரணி வர்க்கத்தின் கையில் நிலைத்தது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அது ஏட்டளவில் நின்றமையால், 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும் 1968 இன் மாவிட்டபுரக் கோயிற் போராட்டமும் தேவைப்பட்டன. அப்போராட்டங்கள் பாராளுமன்றத் தமிழ்க் கட்சிகளுக்கு வெளியே நின்றே நடத்தப்பட்டன.

7

இலக்கிய மாணவர்க்கு 1956 இன்னொரு வகையில் முக்கியமானது. அவ்வாண்டிலேயே மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘விராகய’ நாவல் வெளிவந்தது. சிறி குணசிங்கவின் வசன கவிதைத் தொகுதி வெளிவந்தது. நவம்பர் 3 ஆம் திகதி எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பில் மேடையேறியது. டிசெம்பர் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரையிடப்பட்டது. கலாசாரத்துக்கெனத் தனி அமைச்சு தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆங்கிலம் கற்றோரின் வீழ்ச்சியை விக்கிரமசிங்க பிராமண குலத்தின் வீழ்ச்சி என்று வருணித்தார். ஒரு மக்கட் கூட்டத்தினர் தமது மொழியிற் தமது வாழ்வைப் பேசும் தன்னம்பிக்கையைப் பெற்றமை இவற்றிற் புலனாகின்றது. தமிழர் இதனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு.

ஆனால், ‘மனமே’யின் வடிவத்தை உற்றுநோக்குவோர்க்கு ஓர் உண்மை தெரியவரும். சரச்சந்திர தேர்ந்துகொண்ட ‘நாடகம’ என்னும் சிங்களக் கிராமியக் கூத்து வடிவம், கத்தோலிக்க மரபினூடாகத் தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து தோன்றி வளர்ந்தது. அதன் பெயரே அதற்குச் சான்று. சிங்களக் கிராமிய நாடகத்தை ஆராய்ந்த சரச்சந்திர இத்தொடர்பை அறிந்தவர், மறைக்கவுமில்லை. சட்டமன்றம் தமிழை நாட்டின் நிர்வாகத்திலிருந்து விலக்கிய அதே ஆண்டிற் சிங்களத் தேசிய நாடகம் தமிழ்க் கூத்து மரபின் மீது எழுந்தது. ‘மனமே’ பேராதனையிலே தமிழறிஞரையும் தூண்டியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைச் செம்மைப்படுத்தி, 1960களிற் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் முன்வைத்த தேசிய இலக்கியக் கோட்பாடும், தமிழகச் சஞ்சிகைகளின் நிழலிலிருந்து விடுபட்டு இந்நாட்டு மக்களின் வாழ்வையும் பேச்சையும் இலக்கியமாக்க விழைந்த குரலே. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதிய கதைகளை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பழித்த பண்டிதரும் இருந்தனர். அப்பழிப்பு, தமிழ்ச் சமூகத்திலும் ஒரு ‘பிராமண குலம்’ வீழவேண்டியிருந்ததைக் காட்டியது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? பண்பாட்டுத் தளத்தில் இரு மொழி மக்களின் விழிப்பும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவரின் கூத்து மற்றவரின் கூத்தைக் குறைக்காது. உத்தியோகம் அவ்வாறன்று, ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடையாது. 1956 இன் மக்கள் விழிப்பு உத்தியோகப் பங்கீட்டினுள் அடைபட்டபோதே அது பேரினவாதமாயிற்று.

8

பின்னர் நடந்தவை இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன. பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ் சேவையையும் துறைமுகத்தையும் தேசியமயமாக்கியது. பிரித்தானியப் படைத்தளங்களை மீட்டது. நெற்காணிச் சட்டத்தைக் கொணர்ந்தது. இவை பெறுமதியானவை. ஆனால் தோட்டங்கள் தொடப்படவில்லை. அவை தேசியமயமாக 1970கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நெற்காணிச் சட்டத்தை வரைந்த பிலிப் குணவர்தன 1959 இல் வலதுசாரி அமைச்சர்களின் நெருக்குதலால் வெளியேறினார். 1957 ஜூலையிற் செல்வநாயகத்துடன் பண்டாரநாயக்க செய்த ஒப்பந்தம், அவரது இல்லத்தின் முன் பிக்குமார் அமர்ந்தபொழுது, 1958 ஏப்ரலிற் கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதம் பெருங்கலவரம் மூண்டது. 1959 செப்டெம்பரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரை ஆட்சியேற்ற உழைத்த பிக்கு முன்னணியின் முக்கியஸ்தர் ஒருவரே சதியிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். மொழி என்ற ஆயுதத்தைக் கையிலெடுத்த தலைமையால் அதனைக் கீழே வைக்க இயலவில்லை.

தனிச் சிங்களம் சிங்கள இளைஞருக்கேனும் வாழ்வளித்ததா? 1971 ஏப்ரற் கிளர்ச்சியில் ஆயுதமேந்தியோரிற் பெரும்பாலார் சிங்களத்திற் கல்வி கற்ற கிராமிய இளைஞரே. மொழி கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. ஆங்கிலமும் உண்மையில் ஆட்சியை இழக்கவில்லை. சட்டத்திலிருந்து நீங்கி, வசதிபடைத்தோரின் வீடுகளிலும் கம்பனிகளிலும் நிலைபெற்றது. பல்கலைக்கழகத்துச் சிங்கள மாணவர் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பது அதனால் வெட்டுண்டோரின் அனுபவமேயாகும். மறுபுறத்தில், பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் இளைஞரை வேறொரு பாதைக்குத் தள்ளியது. 1983 இன் இன அழிப்பும் 2009 வரை நீடித்த யுத்தமும் யாவரும் அறிந்தவை. 31 ஆண்டுகளின் பின், 1987 இல், பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறியது. சட்டநூலில் வந்த அச்சொல் பொலிஸ் நிலையத்திலும் அரச அலுவலகக் கடிதத்திலும் இன்றும் முழுமையாக வந்து சேரவில்லை.

ஆகவே, 1956 ஐ வெற்றி என்றோ அழிவு என்றோ மட்டும் எழுதுவோர் அதன் பாதியையே எழுதுகின்றனர். இரண்டையும் நிரற்படுத்தி மீதி காண்போரும் அதன் இயக்கத்தை விளக்குவதில்லை. மக்களின் நியாயமான கோபம் ஏதோவொரு வடிவத்தைப் பெற்றே தீரும். அவ்வடிவத்தைத் தீர்மானிப்பது அக்கோபத்தின் அளவன்று, அதற்குத் தலைமை தாங்கும் வர்க்கமே. 1953 இல் சோறு கேட்ட மக்களும் 1956 இல் மொழிக்கு வாக்களித்த மக்களும் ஒருவரே. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று, ஈற்றில் ஜனாதிபதியொருவரை நாட்டை விட்டோடச் செய்த மக்களுக்கும் இவ்வினா பொருந்தும்.

இவ்விடயத்தில் இரு மொழி ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. சிங்கள நாடக மறுமலர்ச்சியை ஆராய்வோர், அது தோன்றிய ஆண்டின் பாராளுமன்ற அறிக்கையிற் பொன். கந்தையாவின் உரையையும் படித்தல் வேண்டும். தமிழ்த் தேசிய இலக்கியத்தை ஆராய்வோர் ‘விராகய’வையும் ‘மனமே’யையும் அயலாரின் படைப்புக்களாகக் கருதாது கற்றல் வேண்டும். 1956 இன் வரலாறு இரு மொழிகளிலும் சேர்த்துப் படிக்கப்படும் வரை, அதனை நாம் முழுமையாக அறிந்தோர் ஆகமாட்டோம்.